கிளம்பியவரைக் கூப்பிடக் கூடாது

சுகர் லேண்ட்
அக்டோபர் 19

தம்பி முகிலனுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கவரை ஓரமாக வைத்துவிடாதே. பத்து மாதமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவள் இன்று ஸ்டாம்ப் வாங்கி ஒட்டுகிறாள் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நீயே புரிந்துகொள்வாய்.

போனில் பேசலாம்தான். நான் கத்துவேன், நீ வாயை மூடிக்கொள்வாய், அதோடு முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் அண்ணனுடைய டேப்லெட்டிலும் அது வந்து நிற்கும். அதனால்தான் காகிதம். பதிலை நான் வேலை பார்க்கும் லேப் விலாசத்துக்குப் போடு, கவருக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன். வீட்டுத் தபாலை எடுத்து வருகிறவர் அவர்.

உன் அண்ணன் டிசம்பர் ஆறாம் தேதிக்கு சான் ஹோசே டிக்கெட் போட்டிருக்கிறார். "தம்பியப் பாத்து வருசமாச்சுல்ல, ரெண்டு நாள் போயிட்டு வந்தர்றேன்" என்றார். சரி, அண்ணன் தம்பிக்குள் சமாதானம் ஆகட்டும் என்று நானும் விட்டேன். நேற்று கராஜில் எதையோ தேடப் போனால், பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டுகிற அந்த ஸ்னோ ஷூ ஜோடி துடைத்து வைத்திருக்கிறது. வாரெல்லாம் இழுத்துப் பார்த்துச் சரி செய்திருக்கிறார். ஹூஸ்டனில் பனியா கொட்டுகிறது? தொடைக்குள் கம்பி வைத்திருக்கிற மனுஷன், மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று போன் பார்ப்பது போல நடிக்கிறவர்.

"ஏனுங்க, மறுக்கா அந்த மலைக்கா?" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அந்தப் "பாக்கலாம்" என்றால் என்னவென்று பதினேழு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

நீ அவரிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் பொம்பளைப் பயம் என்று சிரிப்பார். மலையும் பனியும் தெரிந்தவன் நீ. பத்து வருடமாக மில்பிடாஸ் ஆட்களையெல்லாம் வேன் வைத்துப் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் நீ.

போன டிசம்பரில் பனியிலிருந்து எடுத்த அவரைச் சேர்த்திருந்த ரீனோ ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னை என் வீட்டுக்கே வராதே என்று சொன்னேன். அதைத் திரும்பப் பெறுவதற்காக இதை எழுதவில்லை. அன்று நான் கேட்ட கேள்வியும் அப்படியே நிற்கிறது. ஆபத்து என்று தெரிந்த இடத்தில், நீ ஏன் அவரை நிறுத்தவில்லை?

கண்மணி


மில்பிடாஸ்
அக்டோபர் 29

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். வீட்டுக்கு வந்து மானஸாவிடம் காட்டினேன். "இத்தனை நாள் கழிச்சு அவங்க எழுதியிருக்காங்க, ஒழுங்கா பதில் எழுது" என்றாள். நான்கு காகிதம் கிழித்த பிறகு இது ஐந்தாவது.

அண்ணன் எனக்கு ஒரே ஒரு மெசேஜ்தான் அனுப்பினார். "ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை வர்றேன். சனிக்கிழமை ஃப்ரீயா இரு." நான் "சரிங்ணா" என்று போட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை.

நீங்கள் பயப்படுவது சரியான பயம். டிசம்பர் தொடக்கத்தில் மலையில் பனி குறைவாகத்தான் இருக்கும். அதனாலேயே எல்லோரும் ஏமாந்து போகிறோம். பனி குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கிறோம், உண்மை அப்படி இல்லை. அக்டோபரில் முதல் பனி ஓர் அடி விழும். வெயில் படும் பக்கத்தில் அது உருகிவிடும். வடக்குப் பார்த்த சரிவில் உருகாது. அப்புறம் மூன்று வாரம் வானம் வெளுத்துக் கிடக்கும், இரவெல்லாம் குளிர் கொல்லும். அந்தக் குளிரில் கீழே கிடக்கிற பனி தன் பிடிப்பை இழந்து வறுத்த ரவை போல உதிரி உதிரியாகிவிடும். கையில் அள்ளி உருண்டை பிடித்தால் விரல் சந்தில் வழிந்தோடும். அதற்கு மேல்தான் டிசம்பர் புயல் புதுப் பனியைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மேலே கனமான பலகை, கீழே ரவை. ஒரு ஆள் மிதித்தால் போதும், பலகை மொத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று எல்லாம் ஒன்று போலவே தெரியும்.

இந்த வருடமும் போன வாரம் முதல் பனி விழுந்துவிட்டது. இனி வெயிலும் குளிரும்தான் என்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அன்று காலை அந்தச் சரிவு அவ்வளவு மோசமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது அண்ணி. பருவம் தொடங்குகிற சமயத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை அலுவலகம் தினமும் அறிக்கை போடுவதில்லை.

அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்ல முயற்சி செய்கிறேன். அப்பா தவறியபோது எனக்குப் பதினொரு வயது. அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது முதல் என்னை இந்த ஊருக்கு விமானம் ஏற்றியது வரை அவர்தான். அவர் சொன்ன எதற்கும் நான் இதுவரை மறுத்துப் பேசியதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

முகிலன்


சுகர் லேண்ட்
நவம்பர் 6

முகிலா,

நீ ரவை, பலகை என்று பாடம் நடத்தியது நன்றாகப் புரிந்தது. அந்தப் பாடத்தின் கடைசியில் ஒரு பொய் வைத்தாயே, அதுவும் புரிந்தது.

கயலிடம் கடித விஷயம் சொல்லவில்லை. "அந்தப் பனிச்சரிவு ஆபீஸ்காரங்க பழைய அறிக்கையெல்லாம் எடுத்து வெச்சிருப்பாங்களா கண்ணு?" என்று மட்டும் கேட்டேன். பதினைந்து வயசுப் பெண், இரண்டு நிமிடத்தில் போனை நீட்டினாள். "அம்மா, இட்ஸ் ரைட் ஹியர்." போன டிசம்பர், அதே சனிக்கிழமை, காலை ஆறு பத்துக்குப் போட்டது. வடக்குச் சரிவுகளில் பலவீனமான அடுக்கு இருக்கிறது, காற்று மேலே சுமை ஏற்றியிருக்கிறது, ஒதுங்கிப் போங்கள் என்று எட்டே வரி. கயல் வாசித்துத் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு, "டிட் சித்தப்பா ரீட் திஸ்?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து வந்துவிட்டேன்.

நீ பல் விளக்குவதற்கு முன்னால் அந்த அறிக்கையைப் படிக்கிறவன். ஹூஸ்டனுக்கு வருவதற்கு முன்னால் உன் வீட்டில் நாங்கள் தங்கியிருந்த ஐந்து வருடமும் பார்த்திருக்கிறேன். அன்று மட்டும் படிக்காமல் போனாயா?

எனக்குச் சமாதானம் வேண்டாம், நடந்தது வேண்டும். அவர் ஏழு நிமிடம் பனிக்கு அடியில் கிடந்தார். அந்த ஏழு நிமிடத்தை நான் இங்கே எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். மைக்ரோவேவில் ஏழு நிமிடம் வைத்துவிட்டு எதிரில் நின்றிருக்கிறேன். உண்மையை எழுது.

கண்மணி


மில்பிடாஸ்
நவம்பர் 15

அண்ணி,

படித்தேன். அறிக்கை வந்தபோது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது அண்ணன். நான் பக்கத்து சீட்டில் போனில் படித்தேன். எட்டு வரியும் படித்தேன்.

பொய் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பத்து மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் உங்களுக்கும் எழுதினேன்.

நடந்தது இதுதான். ஏழரை மணிக்கு மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தினோம். அண்ணனுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். மேலே சேவல் கொண்டை போல ஒரு பாறை வரிசை, நாங்கள் அதைக் கொண்டை என்றுதான் சொல்வோம். அதன் வடக்குச் சரிவு வழியாக ஏறினால் ஏரி முழுசாகத் தெரியும். நான் ஓரமாகப் போய்ப் பனியை மிதித்துப் பார்த்தேன். காலுக்கு அடியில் 'வும்ப்' என்று ஒரு சத்தம், யாரோ கதவைத் துணியால் சுற்றி அறைந்த மாதிரி. காலிலிருந்து ஒரு கீறல் நாலடி ஓடியது. கீழே இருக்கிற ரவை நொறுங்குகிற சத்தம் அது. அதைக் கேட்டால் திரும்பிவிட வேண்டும். நான் கூட்டிப் போகிற எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லித்தான் ஏற்றுவேன்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. விதியை எழுதியது நான். அண்ணன் வந்தால் மட்டும் அந்த விதி எனக்கு மறந்துவிடும்.

நான் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அண்ணன் பையை மாட்டி, ஸ்னோ ஷூ கட்டி, பத்துப் பன்னிரண்டு அடி போய்விட்டார். அவர் முதுகுதான் தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். நீங்கள் சிரிப்பீர்கள் அண்ணி. கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று அம்மா எத்தனை தடவை தலையில் குட்டியிருக்கிறாள். சிப் டெஸ்ட் பண்ணிப் பிழைக்கிறவன் நான், சகுனத்தில் எனக்கு ஒரு நம்பிக்கையும் கிடையாது. ஆனாலும் குரல் வரவில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பிய அண்ணனை அபசகுனமாகத் தடுக்கக் கூடாது என்று நாக்கு தானாக ஒட்டிக்கொண்டது. அடுத்த திருப்பத்தில் சொல்லலாம் என்று பின்னாலேயே போனேன். நாலு இடத்தில் அவர் நடையைக் குறைத்தார். நாலு இடத்திலும் சொல்லவில்லை.

பெரிய பனிச்சரிவுகூட இல்லை. இரண்டு பேட்மிண்டன் கோர்ட் அளவு பனிதான் பெயர்ந்தது. கீழே ஓடைப் பள்ளம் இருந்ததால் எல்லாம் அவர் மேல் குவிந்துவிட்டது. மார்பில் கட்டியிருந்த சிக்னல் கருவி இருந்ததால் இடத்தைக் கண்டுபிடித்தேன். ஷவலால் தோண்டும்போது நான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அப்போது மட்டும் குரல் வந்தது.

முகிலன்


சுகர் லேண்ட்
நவம்பர் 23

முகிலா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. லேபில் லாக்கருக்குள்ளேயே வைத்திருந்தேன். உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அன்று காலை உன் அண்ணன் எனக்குப் போன் செய்தார். உனக்குத் தெரியாது. நீ ஓரமாகப் போய்ப் பனியை மிதித்துக்கொண்டிருந்த நேரமாகத்தான் இருக்கும். இங்கே மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. கயலுக்கு டான்ஸ் கிளாஸ், நான் சாவியைத் தேடிக்கொண்டு நின்றேன்.

"கண்மணி, முகிலன் மொகம் சரியில்ல. என்னமோ சொல்ல வர்றான், சொல்ல மாட்டேங்கறான். திரும்பீரலாமான்னு பாக்கறேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கெளம்பியாச்சுல்லங்க. பாதியில திரும்புனா நல்லாவா இருக்கும்? நல்லபடியா போயிட்டு வாங்க." இதைச் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வாசலில் கால் வைத்தவர் திரும்பி வரக் கூடாது என்று எனக்கும்தான் குட்டியிருக்கிறார்கள்.

ரீனோவில் உன்னைப் பார்த்ததும் கத்தினேனே, அந்த வார்த்தை எல்லாம் எனக்கு நான் சொல்லிக்கொள்ள வேண்டியது. பக்கத்தில் நீ நின்றாய், உன் மேல் போட்டேன். அவரும் ஒரு நாள்கூட, "நீதானே போகச் சொன்னே" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

யோசித்துப் பார். அவர் வந்துவிட்டால் தேவலை என்றுதான் எனக்கும் அன்று உள்ளுக்குள் இருந்தது; மூன்று பேருக்கும் திரும்பிவிடத்தான் மனசு. மூன்று பேரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு ஒரு மனுஷனைப் பனிக்குள் அனுப்பினோம்.

வராந்தாவில் சொன்னதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மானஸாவைக் கூட்டிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வா.

ஆனால் டிசம்பர் ஆறு அப்படியே நிற்கிறது. நேற்று ஹைக்கிங் பேன்ட் பொட்டலம் வந்தது. "இந்த வருசம் வேண்டாங்க" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "டிக்கெட் போட்டாச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன நினைக்கிறார் என்றே தெரியவில்லை. அந்த இடத்தில் அவர் பக்கத்தில் நிற்கப் போகிறவன் நீ. உன்னை விட்டால் ஆள் இல்லை.

அண்ணி


மில்பிடாஸ்
டிசம்பர் 2

அண்ணி,

சுருக்கமாக எழுதுகிறேன், இது சனிக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும்.

அக்டோபர் பனி வடக்குப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்த் தோண்டிப் பார்த்தேன், ரவைதான். நாளை மறுநாள் புயல், ஒன்றரை அடி வரை போடும் என்கிறார்கள். தென்மேற்குக் காற்று, அதாவது பனியை வாரிக் கொண்டைக்குப் பின்னால் வடக்குச் சரிவில்தான் கொட்டும். சனிக்கிழமை வானம் பளிச்சென்று இருக்கும். அதுதான் எனக்குப் பயம். நல்ல வெயில் அடித்தால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றாது.

அண்ணனுக்குப் போன் செய்து, ஏரிக்கரையோடு சமதரையில் நடக்கலாமா என்று கேட்டேன். "கொண்டைக்கே போலாம்" என்றார்.

கண்ணாடி முன்னால் நின்று "அண்ணா, வேண்டாம்" என்று சொல்லிப் பழகுகிறேன். மானஸா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியை, வராந்தா வரியை, பர்ஸில் வைத்திருக்கிறேன்.

முகிலன்


மில்பிடாஸ்
டிசம்பர் 9

அண்ணிக்கு,

அண்ணன் நேற்று நல்லபடியாக வீடு வந்து சேர்ந்திருப்பார். அவர் என்ன சொன்னாரோ தெரியாது. என் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை அதே இடம், வானம் அவ்வளவு நீலம். அறிக்கையில் ஐந்தில் மூன்றாம் படி ஆபத்து என்று போட்டிருந்தார்கள். மூன்று என்பது ரொம்பக் கெட்ட எண் அண்ணி. ஐந்து என்றால் யாரும் போக மாட்டார்கள், ஒன்று என்றால் யாரும் யோசிக்க மாட்டார்கள். மூன்றில்தான் ஒவ்வொருவரும் தனக்குத் தகுந்த மாதிரி அர்த்தம் சொல்லிக்கொள்கிறோம்.

நான் பனியை மிதித்தேன். இந்தத் தடவை சத்தம் வரவில்லை. கீறலும் இல்லை. கையில் பிடித்துக் காட்ட ஒரு சாட்சிகூட என்னிடம் இல்லை. ரவை கீழே இருக்கிறது, மேலே காற்று சுமை ஏற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அண்ணன் ஸ்னோ ஷூ கட்டினார். கால் வலிப்பது முகத்தில் தெரிந்தது. பையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார். பத்து அடி. பதினைந்து அடி. போன வருடம் பார்த்த அதே முதுகு.

"அண்ணா!" என்று கத்திவிட்டேன். "அண்ணா, வேண்டாம்! திரும்பி வாங்க!"

பார்க்கிங்கில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. அப்படியே நின்றார். பிறகு திரும்பி வந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்னோ ஷூவைக் கழற்றி டிக்கியில் வைத்தார். காரில் ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நாங்கள் வண்டியை எடுப்பதற்குள் ஒரு புருஷன் பெண்சாதியும் ஒரு நாயும் அதே சரிவில் ஏறினார்கள். வழியில் காபிக் கடையில் நான் வேண்டுமென்றே நேரம் கடத்தினேன். இரண்டு மணி நேரம் கழித்து அதே மூன்று பேரும் சிரித்துக்கொண்டு கடைக்குள் வந்தார்கள். நாய்கூடச் சந்தோஷமாக இருந்தது. ஒன்றும் சரியவில்லை. அண்ணன் அவர்களைப் பார்த்தார், காபியைக் குடித்தார்.

நாலு மணி நேரம் கார்ப் பயணம், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ஏர்போர்ட்டில் இறங்கும்போது என் தோளைத் தொட்டார், கோபமா என்ன என்று புரிவதற்குள் உள்ளே போய்விட்டார்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், போன வருடம் பேசாமல் இருந்து அவர் காலை ஒடித்தேன், இந்த வருடம் பேசி அவர் மனசை ஒடித்துவிட்டேன். ஊரார் முன்னால் அண்ணனை நிற்க வைத்தேன், அதுவும் ஒன்றும் நடக்காத ஒரு சரிவுக்காக. நான் செய்தது சரியா அண்ணி?

முகிலன்


சுகர் லேண்ட்
டிசம்பர் 14

முகிலா,

முதலில் உன் கேள்விக்குப் பதில். லேபில் ஒரு நாளைக்கு நானூறு ரத்தம் பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லை என்றுதான் வரும். ஒன்றுமில்லை என்று வந்ததால் ரத்தம் எடுத்தது தப்பு என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. அந்த நாய்க்கு அன்று நல்ல நாள், அவ்வளவுதான். அதை வைத்து உன்னை நீ எடை போடாதே.

இனி உன் அண்ணன் கதை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர் குளித்தார், தோசை சாப்பிட்டார், படுத்துவிட்டார். "ஏறுனீங்களா?" என்று கேட்டதற்கு "இல்ல" என்றார். "ஏனுங்க?" "அவன் கூப்புட்டான்." அதற்கு மேல் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. வியாழக்கிழமை வரை அப்படித்தான்.

நேற்று உன் கடிதம் வந்தது. படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. ஐந்தரைக்கு அவர் பின்பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நேராகப் போய், "போன வருசம் நீங்க போன் பண்ணினப்ப நான்தானே போகச் சொன்னேன், அதை மனசுல வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் ஹோஸைக் கீழே போட்டார். "அட, நீ ஒண்ணு. நீ இங்க உக்காந்துட்டு என்னத்தக் கண்டே? நான் உன்ன நெனைக்கவே இல்ல" என்றார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். பதினேழு வருடத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவனுக்கு என்னமோ தெரியும்னு மொகத்தப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கூப்புடட்டும்னு நாலு எடத்துல மெதுவா நடந்தேன். கூப்புடல. பனிக்குள்ள கெடந்தப்பக்கூட மூச்சு முட்டறது பெருசாத் தெரியல கண்மணி. தெரிஞ்சேதான் வுட்டுட்டானா, நான் அவனுக்கு அவ்வளவுதானான்னு அதுதான் ஓடிட்டே இருந்துச்சு. வருசம் பூரா அதே நெனப்பு. அவன்கிட்டக் கேக்க எனக்கு வாய் வரல. இந்தக் காலை வெச்சுட்டு மலை ஏறவா நான் டிக்கெட் போட்டேன்? அவன் கூப்புடறானான்னு பாக்கத்தான் போனேன்."

"அப்பறம் ஏனுங்க கார்ல ஒரு வார்த்தை பேசல? அவன் அங்க உருகிட்டு இருக்கறான்" என்றேன்.

"வாயத் தொறந்திருந்தா அழுதிருப்பேன்" என்றார்.

இதை அவர் உன்னிடம் சாகும்வரை சொல்ல மாட்டார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

அண்ணி